கத்திரி வெயிலில் நாட்டுக் கெண்டைகள்: மீன்தொட்டிக்கு இப்போது செய்ய வேண்டியவை

சித்திரை, வைகாசியில் வீட்டு மீன்தொட்டியின் நீர் 32 டிகிரியை எளிதாகத் தொட்டுவிடும். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். ஒரு லிட்டர் நீர் 20 டிகிரியில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மீனுக்கோ அந்தச் சூட்டில்தான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. ‘நம்ம ஊர் மீன்தானே, தாங்கிக்கொள்ளும்’ என்று விட்டுவிடாதீர்கள்.

ஓடை மீனையும் குளத்து மீனையும் பிரியுங்கள்

ஜெயன்ட் டேனியோ, மெலன் பார்ப் போன்றவை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழ்பவை. 22 முதல் 26 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். எசோமஸ் போன்ற சிறு கெண்டைகள் வயல், குளம், வாய்க்கால்களில் வளர்பவை. சூட்டைச் சற்று அதிகமாகத் தாங்கும். ஒரே தொட்டியில் வைத்திருந்தால் இப்போதே பிரியுங்கள். ஓடை மீன்களை வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள்.

எந்த இனமானாலும் ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக வையுங்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒன்றையொன்று துரத்தும். சில இனங்கள் மிரண்டு ஒளியும். நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர், ஏஞ்சல் மீன்களைப் பார்ப் வகைகளோடு சேர்க்காதீர்கள், துடுப்பைக் கடித்துவிடும். தொட்டி நெரிசலாக இருந்தால் கோடை முடியும்வரை புது மீன் வாங்க வேண்டாம்.

காற்றும் குளிர்ச்சியும்

ஏர் பம்பை இரவு பகலாக ஓடவிடுங்கள். செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், விடியற்காலையில்தான் ஆபத்து அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே காற்றைக் கூட்டுங்கள்.

கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். திறந்தே வைத்தால் டேனியோவும் எசோமஸும் துள்ளி வெளியே விழும். நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி மீனை நோயில் தள்ளும்.

மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால், அதன் ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

நீரும் தீனியும்

மொட்டைமாடித் தொட்டி நீர் மதியத்தில் கொதிக்கும். மீன்தொட்டி நீரை மாற்ற விடிகாலையில் பிடித்து வையுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரானால் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைக் கலந்த பிறகே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மொத்தமாக மாற்றுவதைவிட, இரண்டு மூன்று முறை சிறிது சிறிதாக மாற்றுவது நல்லது.

தீனியைக் குறையுங்கள். மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகும். சூடான நீரில் அதன் நஞ்சு ஏறும். வாயோரம் வெண்பஞ்சு போலப் படர்ந்தால் அந்த மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அது பூஞ்சையாக இல்லாமல், சூட்டில் வேகமாகப் பரவும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். மருந்திடும்போது காற்றைக் கூட்டியே வையுங்கள்.

ஒரு வேண்டுகோள்

ஓடைகள் வற்றி, மீன்கள் சிறு மடுக்களில் ஒதுங்கி நிற்கும் காலம் இது. பிடிப்பது சுலபம் என்று வலை வீசாதீர்கள். மழை வந்ததும் ஆற்றை மறுபடி நிரப்ப வேண்டியவை அந்த மீன்களே. பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். வளர்க்க முடியாமல் போன மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாமல், வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.