டெண்டர் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எல்.எல்.எம். முடித்திருக்கிறேன். அரசுக் கொள்முதல் சட்டம், ஊழல் தடுப்பு இரண்டையும் இணைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ஆசிரியர் வேலைக்கு இது கைகொடுக்குமா?

பதில்: கொடுக்கும். ஆனால் தலைப்பிலிருந்து ஊழலை எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லோடு தொடங்கும் ஆய்வேடுகள் பல, சட்டப் பிரிவுகளை வரிசையாக ஒப்பித்துவிட்டு முடிந்துபோகின்றன. லஞ்சம் கைமாறியதை யாரும் உங்களிடம் வந்து சொல்லப்போவதில்லை. டெண்டர் ஆவணம் எழுத்தில் இருக்கிறது.

அதில் முதலில் தகுதி நிபந்தனைகளைப் பாருங்கள். 'இதே அளவுப் பணியை இதே மாவட்டத்தில் முடித்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் போட்டி அங்கேயே முடிந்தது. விலைப்புள்ளியைத் திறப்பது வெறும் சடங்கு. கடைசி நேரத்தில் வரும் திருத்த அறிவிப்பையும் விடாதீர்கள். விலைப்புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பாருங்கள். புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் டெண்டர்களில் கூட்டுச்சதி நடந்ததாக இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் முடிவுசெய்தபோது, போட்டியாளர்கள் எனப்பட்டவர்களின் விலைப்புள்ளிகள் ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து பதிவேறியிருந்ததும் சான்றாக நின்றது.

ஒப்பீட்டு ஆய்வுக்கு வெளிநாடு தேடி ஓட வேண்டாம். கொள்முதலுக்கென 2012-இல் மத்திய அரசு கொண்டுவந்த மசோதா, மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. மத்திய அரசில் இன்றும் 2017-இன் பொது நிதி விதிகள்தான். தமிழ்நாட்டிலோ 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கும் இடத்தில் டெண்டரில் தோற்றவருக்கு என்ன கிடைத்தது? இதையே ஆய்வுக் கேள்வியாக வைக்கலாம். பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர் பற்றிய ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் (1979), அரசு தான் விதித்த நிபந்தனையைத் தானே மீறக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் வழக்குத் தொடுத்தவர் தாமதமாக வந்தார் என்பதையும் காரணம் காட்டி, ஒப்பந்தத்தை ரத்துசெய்யவில்லை. இந்தத் தீர்ப்பையும், டெண்டர் முடிவுகளில் நீதிமன்றம் எவ்வளவு தலையிடலாம் என்று பேசும் 1994-இன் டாட்டா செல்லுலார் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள்.

ஆர்.டி.ஐ. மனுவை ஒப்பந்தம் முடிவான பிறகு போடுங்கள். அதற்கு முன் போட்டால் வணிக ரகசியம் என்று திருப்பிவிடுவார்கள். கேட்க வேண்டியது விலை ஒப்பீட்டுப் பட்டியல். சி.ஏ.ஜி. அறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற டெண்டர் பிரிவு எழுத்தர் ஒருவர் பழக்கமானால் விட்டுவிடாதீர்கள், பல வழிகாட்டிப் பேராசிரியர்களைவிட அவர் உபயோகமானவர்!

பெரும்பாலான சட்டக் கல்லூரிகளில் கொள்முதலுக்குத் தனித் தாள் கிடையாது. நிர்வாகச் சட்டமோ ஒப்பந்தச் சட்டமோ நடத்துபவராகத்தான் உங்களை எடுப்பார்கள். அந்த இரண்டிலும் கட்டுரை வெளியிடுங்கள். நெட், செட் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். ஒப்பந்ததாரர்கள் ஆலோசனை கேட்டு வந்தால், ஆய்வு செய்யும் துறையிலிருந்து மட்டும் பணம் வாங்காதீர்கள்.