கடை வாசல் குழி: கணக்கில் வராத நட்டம்

பதுளை வியாபாரிகளுக்குப் பாதைக் குழிகள் புதிய விடயமல்ல. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் மாவட்டத்தின் பல வீதிகளைச் சிதைத்தன. பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டக் கடைகளுக்குச் சரக்குக் கொண்டு போகிறவர், வழியிலுள்ள குழிகளையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார். ஆனால் தனது களஞ்சிய வாசலில் இருக்கும் குழியை அவர் பெரிதாக நினைப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேன் நாளுக்கு நான்கு முறை வெளியே போய்த் திரும்பினால், அந்தக் குழியை எட்டுத் தடவை கடக்கிறது. வருடத்துக்கு 300 வேலை நாட்கள் என்றால் 2,400 தடவை. அதில் பாதி, முழுச் சுமையோடு.

"மெதுவாகத்தானே போகிறோம்" என்பீர்கள். உண்மைதான், வேகம் குறைந்தால் அடியும் குறையும. ஆனால் வாசலில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே ஏறுகிறோம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்க, பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு நாளில் எதுவும் உடையாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

முதலில் அடிபடுவது டயர். காற்றுக் குறைந்த டயர், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கும். உள்ளே நூல் அறுந்தால் டயரின் பக்கவாட்டில் வீக்கம் தோன்றும். அந்த டயரை உடனே மாற்ற வேண்டும். பெச் போட்டு ஓடக்கூடாது. அடுத்தது எலைன்மென்ட். அது பிழைத்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னர் போல் ஜொயின்ட், ஷொக் அப்சோபர் என்று செலவு நீளும். குழி ஆழமாக இருந்தால் சைலன்சரும் ஓயில் சம்பும் தரையில் இடிபடும். உடைந்த முட்டைகளையும் நொறுங்கிய பிஸ்கட்டையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் பழைய வண்டியை வைத்தே சமாளித்தவர்கள் நம்மில் பலர். வேனும் நமது முதல்தான். சாதாரணத் தேய்மானத்துக்குக் காப்புறுதி நட்டஈடும் கிடைக்காது.

குழியை எப்படி மூடுவது? மண்ணைக் கொட்டினால் அடுத்த மழையோடு போய்விடும். குழியை உண்டாக்குவது தேங்கும் நீர். ஆகவே முதலில் தண்ணீர் ஓடிப்போக வழி செய்யுங்கள். கூரைத் தண்ணீரை வாசலில் விழவிடாமல் வடிகானுக்குத் திருப்புங்கள். பின்னர் சேற்றை அள்ளி, உறுதியான தரை தெரியும்வரை சதுரமாக வெட்டுங்கள். உடைகல்லை நான்கு அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நன்றாக இடியுங்கள். மேலே கொங்கிரீட் போட்டு, தண்ணீர் வழிந்தோடச் சிறு சரிவு விடுங்கள். குறைந்தது ஏழு நாட்களுக்கு அதை ஈரமாக வைத்திருங்கள். அதுவரை வண்டியை ஏற்றாதீர்கள்.

குழி உங்கள் எல்லைக்கு வெளியே இருந்தால் நீங்களாக வெட்ட வேண்டாம். பிரதான வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், உள்ளூர்ப் பாதை என்றால் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ, தோட்டப் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். அயல் கடைக்காரர்களும் சேர்ந்து கையொப்பமிட்டு, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை உங்கள் சாரதிக்கு மூன்று விடயங்களைச் சொல்லி வையுங்கள். காலையில் டயர் சூடாகுமுன் காற்றைப் பார்க்க வேண்டும். குழிக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, முதல் கியரில், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் இறங்க வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியை ஆழமானதென்றே எண்ண வேண்டும்.

கொஞ்சம் உடைகல், ஓரிரு மூட்டை சீமெந்து, ஒரு நாள் கூலி. இந்தச் செலவையும், கடந்த வருடம் கராஜுக்குக் கொடுத்த பில்களையும் இன்றிரவு கடை பூட்டிய பின் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.