விரல் வைத்துக் காட்டு

காடாம்புலியூர்,
ஆவணி 10.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. முந்திரித் தோப்பில் களை எடுத்தாயிற்று. உன் பெரியம்மா வடகம் போட்டு வைத்திருக்கிறாள், அடுத்த முறை யாராவது சென்னை வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஏதாவது ஒரு செப்புத் திருமேனியைப் பற்றி நான்கு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள், "தெய்வீக அழகு, சோழர் கலையின் உச்சம்" என்று இரண்டு வரி எழுதியதும் பேனா நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். கூடப் படிக்கும் பிள்ளைகள் பெரிய பெரிய வார்த்தையாகப் பேசுகிறார்கள், நமக்கு அந்த மூளை இல்லையோ என்று வேறு கவலைப்படுகிறாய்.

நான் கவின் கலை படித்தவன் இல்லை. நெய்வேலி முதல் சுரங்கத்தில் சர்வே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லீவு கிடைத்த போதெல்லாம் கோயில் கோயிலாகப் போய்ச் சிலை பார்த்தவன். அந்த அளவுக்குத்தான் எனக்கு உரிமை. ஆனால் ஒன்று சொல்வேன். உனக்குக் குறைவது மூளை அல்ல, பொறுமை. பண்ருட்டி மண்டியில் பலா எடுக்கிறவரைப் பார்த்திருக்கிறாயே? முள்ளைத் தடவுவார், தட்டிச் சத்தம் கேட்பார், காம்பை முகர்ந்து பார்ப்பார். விலை கடைசியில்தான் வாயில் வரும். நீ சிலைக்கு எதிரே போய் நின்றதும் முதலில் விலையைச் சொல்லிவிட்டாய். ‘உச்சம்’ என்று சொன்ன பிறகு எழுத என்ன மிச்சம் இருக்கும்?

ஆகையால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள். ஒரு சிலையைப் பற்றியோ படத்தைப் பற்றியோ நீ எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும், அந்தப் பொருளில் விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்க வேண்டும். ‘கம்பீரமாக நிற்கிறார்’ என்றால் எங்கே இருக்கிறது கம்பீரம்? தோளிலா, கழுத்திலா, ஊன்றிய காலிலா? காட்ட முடிந்தால் எழுது. முடியாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். கல்வெட்டை வைத்து 1011ஆம் ஆண்டு என்று காலம் சொல்கிறார்கள், அதாவது ராசராசன் காலம். கூந்தலையே தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, கால்களைக் குறுக்கே வைத்து ஒயிலாக நிற்பார். ஒரு கை மட்டும் அந்தரத்தில் வளைந்து நிற்கும். காளையின் மேல் சாய்த்திருந்த கை அது. காளை எப்போதோ தொலைந்துபோயிற்று. ஆனாலும் அந்தக் காளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் நின்றது, அவர் எவ்வளவு பாரத்தை அதன் மேல் போட்டிருந்தார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. எப்படித் தெரிகிறது? முழங்கை மடிந்திருக்கும் கோணம், மணிக்கட்டின் தளர்ச்சி, இடுப்பு ஒடிந்திருக்கும் விதம் இவற்றால்தான். இல்லாத ஒன்றை இருக்கிற உடம்பால் காட்டியிருக்கிறான் சிற்பி. இப்போது ‘உச்சம்’ என்று சொல்லிக்கொள், யாரும் மறுக்க மாட்டார்கள். காரணம் உன் விரல் நுனியில் இருக்கிறது.

அடுத்து, எப்படிச் செய்தார்கள் என்று கேள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து உருவத்தைப் பிடித்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள், தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு குறித்துக்கொள்கிறார்கள். மெழுகு விரலுக்கு இணங்கும். உலோகம் தன் பலத்தில் நிற்கும். அதனால்தான் செம்பில் கை உடலை விட்டு விலகி நிற்க முடிகிறது, சடை விரிந்து பறக்க முடிகிறது. கருங்கல்லில் அப்படி நீட்டினால் ஒடிந்துவிடும், ஆகவே கல்தச்சன் கையைப் பின்பலகையோடு ஒட்டியே வைப்பான். செம்பைப் பார்த்த கண்ணோடு கல்லைப் பார்த்து ‘விறைப்பாக இருக்கிறது’ என்று எழுதிவிடாதே. அந்தந்தப் பொருள் எதற்கு இடம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்று தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்.

செய்த விதத்தைச் சில இடங்களில் சிலையே காட்டிக்கொடுக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றில் சிவன் ஆடும் கரணங்கள், அதாவது நடன நிலைகள், 81 இருக்கின்றன. 108 இருக்க வேண்டும். மீதிக் கற்கள் செதுக்கப்படாமல் வெறுமனே நிற்கின்றன. ஏன் நின்றது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கு அந்த வெறுங்கல்தான் பெரிய பாடம். முதலில் கல்லைச் சுவரில் ஏற்றினார்கள், பிறகு அங்கேயே நின்று செதுக்கினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அங்கிருந்து சிதம்பரம் வா. கோபுர வாசல்களில் அதே கரணங்கள் இருக்கின்றன, ஆனால் ஆடுபவள் பெண். தஞ்சையில் நான்கு கை, இங்கே இரண்டு கை. ஒரே கரணத்தை இரண்டு ஊரிலும் தேடிப்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார். எதை மாற்றினார்கள், எதை விடாமல் வைத்திருந்தார்கள் என்பது தானாகத் தெரியும். தனியாக ஒரு சிலையைப் பார்த்தால் எல்லாமே இயல்பாக, வேறு வழியில்லாததுபோலத் தோன்றும். இரண்டைச் சேர்த்துப் பார்த்தால்தான் சிற்பி எங்கே யோசித்து முடிவெடுத்தான் என்பது பிடிபடும்.

மூன்றாவது கேள்வி: இது எங்கே இருந்தது? அருங்காட்சியகத்தில் நீ பார்க்கிற திருமேனி கண்ணாடிக்குப் பின்னால், மின்விளக்கில், அசையாமல் நிற்கிறது. அது உற்சவர். பட்டும் மாலையும் சாத்தி, தோளில் தூக்கி, தீவட்டி வெளிச்சத்தில் வீதியில் அசைந்து வந்தது. பீடத்தைக் குனிந்து பார், தண்டு கோத்துத் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். அன்றைக்குப் பக்தர் கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் முகமும் கைகளும்தான். இன்று நாம் வியக்கிற இடுப்பு வளைவு பட்டுக்குள் மறைந்திருந்தது. இருந்தும் அதை அவ்வளவு சிரத்தையாகச் செய்திருக்கிறார்களே, யாருக்காக? இந்தக் கேள்விக்கே உன் நான்கு பக்கத்தில் ஒரு பக்கம் போய்விடும்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது விருத்தாசலத்தை விட முடியாது. நம் ஊர்ப் பக்கத்துக் கதை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விருத்தகிரீசுவரர் கோயிலில் சோழ அரசி செம்பியன் மாதேவி எடுத்த கற்றளியின் வெளிச்சுவர் மாடத்தில் கல் அர்த்தநாரி ஒருவர் இருந்தார். அந்தச் சிலை காணாமல் போய், நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் கைக்குச் சென்று, 2004இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களுக்குக் காகிதங்கள் காட்டப்பட்டன. அவர்களும் பெரிய படிப்புப் படித்தவர்கள்தான். ஆனால் நம்மவர்கள் சிலர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல்லாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாக எடுத்துவைத்த புகைப்படங்களை எடுத்து, மாடத்தில் நின்ற சிலையையும் சிட்னியில் நின்ற சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் வாழ்ந்த தமிழர் எஸ்.விஜயகுமார் இப்படிப்பட்ட வேலையில் முன்நின்றவர். சிற்பக்கலை பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், உத்தியோகமோ கப்பல் துறையில். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் டெல்லிக்கு வந்தபோது இந்த அர்த்தநாரியும், கான்பெராவிலிருந்த ஸ்ரீபுரந்தான் நடராசரும் திரும்பி வந்து சேர்ந்தார்கள்.

இதிலிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? காகிதம் பொய் சொல்லலாம். ஒடிந்த விரல், பெயர்ந்த மூலை, கல்லில் ஓடும் கீறல் ஆகியவை சொல்லா. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே, சிலைக்கு அவைதான் அது. ‘அர்த்தநாரி, சோழர் காலம், பேரழகு’ என்று மட்டும் குறித்துவைத்திருந்தால் ஆயிரம் அர்த்தநாரிகளில் நம்முடையவர் எவர் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. உற்றுப் பார்ப்பது வெறும் ரசனை என்று எவராவது சொன்னால், விருத்தாசலம் என்று மட்டும் சொல்.

ஒன்றின் மேல் ஒன்றாகக் காலம் படிந்திருப்பதையும் பிரித்துப் பார்க்கப் பழகு. திருவதிகை வீரட்டானத்து விமானத்தில் எத்தனை சுதை உருவங்கள்! அப்பர் காலத்தோடு பெயர் சேர்ந்த தலம். ஆனால் நீ பார்க்கும் வண்ணம் அப்பர் பார்த்தது அல்ல. சுதை மழையில் கரையும், திருப்பணியில் பூசுவார்கள், குடமுழுக்குக்குக் குடமுழுக்கு வண்ணம் மாறும். உடம்பின் திரட்சி ஒரு காலம், மூக்கு ஒரு காலம், நீலச் சாயம் போன திருப்பணியாக இருக்கலாம். எதைப் புகழ்கிறோம், எதைக் குறை சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். பனைமலையில் பல்லவ மன்னன் ராசசிம்மன் கோயிலில் உமையின் ஓவியம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நின்று அவள் பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. அந்த ஆட்டம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. சுவரில் இருப்பதையும் நீ மனத்தில் நிரப்பிக்கொள்வதையும் தனித்தனியாக எழுது.

பழையதோடு நின்றுவிடாதே. மெரினாவுக்குப் போய் உழைப்பாளர் சிலையைச் சுற்றி வா. 1959 ஜனவரி 25ஆம் தேதி திறந்தது. செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி உன் கவின் கலைக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர். நான்கு பேர் பாறையை நகர்த்துகிறார்கள். பாறையும் நெம்புகோலும் எனக்குச் சுரங்கத்தில் பழக்கம், ஆகவே நான் பார்க்கிறபடி சொல்கிறேன்: யாருடைய கால் வழுக்கும் நிலையில் இருக்கிறது, யார் முதுகில் முழுப் பாரமும் இறங்குகிறது, நால்வரின் பலமும் ஒரே பக்கம் போகிறதா என்று பார். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு பதில், பக்கவாட்டில் ஒரு பதில் கிடைக்கும். நீ முந்திரித் தோப்பில் வளர்ந்தவள், உன் கண்ணுக்கு என்னுடையதில் படாத வேறொன்று படும். படித்தவர்கள் சொன்னதற்கு முன் அதை எழுது.

அவருக்குப் பிறகு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். அவருடைய ‘சொற்களும் குறிகளும்’ வரிசைப் படங்களில் எழுத்து எழுத்தாக நிறைந்திருக்கும், வாசிக்க வராது. அங்கே போய் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டால் படம் வாயை மூடிக்கொள்ளும். எழுத்துகள் எங்கே நெருக்கம், எங்கே இடைவெளி, எது கண்ணை முதலில் இழுக்கிறது, அங்கிருந்து கண் எங்கே போகிறது என்று கேள். ரிஷபவாகனரிடம் கேட்டதும் இதே கேள்விதான்.

பக்தியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கையெடுத்துக் கும்பிடு, தப்பே இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பத்தடிக்கும் மேல் உயரமான நடராசர் முன்னால் நானும் கண்ணீர் விட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீர் வார்ப்பின் நயத்துக்குச் சான்று ஆகாது. அந்த உருவம் ஏன் அவ்வளவு பெரிதாக வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க அமைத்தது என்பது வேறு கேள்வி. கும்பிட்டு முடித்த பிறகு கேட்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்லவும் தயங்காதே. எது பிடிக்கவில்லை என்று இடம் காட்டிச் சொன்னால் சாமியும் கோபிக்காது, வாத்தியாரும் கோபிக்க மாட்டார்.

இனி காரியம். நாளைக்கே அருங்காட்சியகத்துக்குப் போ. ஒரே ஒரு சிலையைத் தேர்ந்தெடு. போனைப் பைக்குள் வை. பென்சிலால் வரை, கோணலாக வந்தாலும் பரவாயில்லை. கை வரையும்போதுதான் கண் தப்பவிட்டதைப் பிடிக்கும். பெயர்ப் பலகையைக் கடைசியில் படி. நீ எழுதியதில் எந்த வாக்கியத்துக்கு விரல் வைக்க இடமில்லையோ அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு, நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. பொங்கல் லீவில் வரும்போது விருத்தாசலத்துக்குப் போவோம், கோபுர வாசலில் அங்கேயும் கரணங்கள் இருக்கின்றன. சிதம்பரத்தில் நீ வரைந்த தாளைக் கொண்டு வா. அன்றைக்கு நீ சொல்லு, நான் கேட்கிறேன். காட்ட முடியாததைச் சொன்னால் மட்டும் குறுக்கிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். விடுதிச் சாப்பாடு பிடிக்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் பெரியப்பா