ஹேண்டிகேம் கேசட்டை முதல்ல இறக்கு, எடிட்டிங் அப்புறம்

பிஸ்கட் டின்ல எட்டு கேசட், அப்பாவோட ஹேண்டிகேம், சுருட்டி வச்ச சார்ஜர்னு நீ போன வாரம் அனுப்பின போட்டோவைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் பயம், அதைத் தூக்கிக்கிட்டு நேரா கடைக்குப் போயிடுவியோன்னுதான். போகாதேடி. நான் போய்ச் சூடு பட்டவ. என் வளைகாப்பு கேசட்டைக் கொடுத்து டிவிடியா வாங்கிட்டு வந்தேன். எல்லார் மூஞ்சியும் பக்கவாட்டுல இழுத்துப் பூசணிக்கா மாதிரி இருந்துச்சு. அதைக்கூட விடு, பேச்சுச் சத்தத்தை மொத்தமா எடுத்துட்டு மேல சினிமாப் பாட்டை ஓட்டியிருந்தாங்க. அப்பா எந்த வீடியோவுலயும் முகம் காட்டினதில்லை, கேமரா அவர் கையிலதானே. "லைட்டை மறைக்காதே, தள்ளி நில்லு"ன்னு குரல் மட்டும் கேட்கும். அதுவும் போச்சு. நல்லவேளை, கேசட்டைத் திருப்பி வாங்கி அதே டின்ல போட்டு வச்சிருக்கேன்.

போட்டோவுல இருக்குறது எல்லாம் மினி-டிவி கேசட். (இந்த டிவிக்கும் நடுவீட்டு டிவிக்கும் சம்பந்தமில்லை, தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது.) 1995-ல வந்த சங்கதி. முக்கியமான விஷயம், இது நாடாதான்னாலும் உள்ள இருக்குறது டிஜிட்டல். அதனால மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் சொருகி, யுஎஸ்பி கேப்சர் குச்சி வழியா ஏத்தாதே. டிஜிட்டலை அனலாக் ஆக்கி மறுபடி டிஜிட்டல் ஆக்குறது, அரைச்ச மாவைத் திரும்ப அரைக்கிற வேலை. அந்தக் குச்சி விஎச்எஸ், ஹை-8 மாதிரி பழைய நாடாவுக்குத்தான்.

உனக்கு வேண்டியது ஃபயர்வயர். கேமராவுல ரப்பர் மூடிக்குள்ள 'ஐ-லிங்க்' இல்லே 'டிவி'ன்னு எழுதின குட்டித் துளை இருக்கும், நாலு பின். பக்கத்துலயே யுஎஸ்பியும் இருக்கும், அதை நம்பாதே, பெரும்பாலும் அது ஸ்டில் போட்டோவுக்கு வச்சது. ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யுஎஸ்பின்னு ஆன்லைன்ல சல்லிசா ஒரு கேபிள் விக்கிறாங்க. வாங்காதே, வேலை செய்யாது. ரெண்டும் வேற வேற பாஷை பேசுது, வெறும் ஒயர் மொழிபெயர்க்காது. டெஸ்க்டாப் இருந்தா ஒரு ஃபயர்வயர் கார்டு போட்டுக்கோ. இல்லேன்னா யார் வீட்டுலயாவது தூசி பிடிச்சுக் கிடக்கிற பழைய சோனி வாயோ லேப்டாப்பைத் தேடு, பல மாடல்ல ஐ-லிங்க் துளை உண்டு. உன் மேக்கை நம்பாதே. மேக் ஓஎஸ் 26-ல ஃபயர்வயரையே தூக்கிட்டாங்க. கேபிளைச் சொருகும்போது ரெண்டு பக்கமும் பவர் ஆஃப்ல இருக்கட்டும். ஆறு பின் முனையைத் தலைகீழா அழுத்திச் சொருகினா கேமராவோட போர்ட்டே எரிஞ்சுடும்.

இப்போ கேசட். கண்ணாடி ஜன்னல் வழியா நாடாவை வெளிச்சத்துல பாரு. வெள்ளையா பூஞ்சை படர்ந்திருந்தா அதை உள்ள போடவே போடாதே, ஹெட் கெட்டு மத்த கேசட்டும் பாழ். நல்லா இருக்குறதோட முதுகுல குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதை 'சேவ்' பக்கம் தள்ளு. தெரியாத்தனமா ரெக்கார்ட் பட்டன்ல கை பட்டாலும் அழியாது. ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுத்திட்டு அப்புறம் ப்ளே பண்ணு. வருஷக்கணக்கா ஒட்டிக் கிடந்த நாடா கொஞ்சம் தளரும். படம் கட்டம் கட்டமா உடைஞ்சா ஹெட்ல அழுக்கு. கிளீனிங் கேசட்டைப் பத்து செகண்டுக்கு மேல ஓட்டாதே, அது ஹெட்டைத் தேய்க்கிற சாமான்.

பேட்டரியை நம்பாம சார்ஜரைச் சொருகியே வை. விண்டோஸ்ல 'வின்-டிவி'ன்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் போதும். கேமரா தெரியலேன்னா டிவைஸ் மேனேஜர்ல ஃபயர்வயருக்கு 'லெகசி' டிரைவரை மாத்திப் பாரு. ஒரு மணி நேர கேசட் இறங்க ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. குக்கர் வச்சுட்டு வேற வேலை பார்க்கிற மாதிரி விட்டுடு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி, எட்டுக்கும் நூத்துச் சொச்சம்தான். இடம் அடைக்குதேன்னு அந்த ஃபைலைச் சுருக்காதே, அழிக்காதே. கேமராவுல கடிகாரம் சரியா வச்சிருந்தா எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதுக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். 'மீடியா இன்ஃபோ'ல திறந்தா தெரியும். எம்பி4 ஆக்கும்போது அது தொலைஞ்சுடலாம். அதனால ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஒவ்வொரு காப்பி.

எடிட்டிங்குக்கு எடுக்கும்போதுதான் வேடிக்கை. ஆரத்தித் தட்டு சுத்துற இடத்துல நிறுத்திப் பாரு, தட்டோட ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடா தெரியும். வீடியோ கெட்டுப் போகலை. அந்தக் காலத்துல ஒரு ஃபிரேமை ரெண்டு பாதியா, ஒத்தைக் கோடு ஒண்ணு, ரெட்டைக் கோடு ஒண்ணுன்னு பிரிச்சு எடுத்தாங்க. செகண்டுக்கு 25 ஃபிரேம்னா 50 பாதி. அதை டீ-இன்டர்லேஸ் பண்ணணும். 'ஹேண்ட்பிரேக்'ல யாடிஃப் போட்டு, 'பாப்'பைத் தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை 50 ஆக்கு. ஐம்பது பாதியும் ஐம்பது முழுப் படமாகி, அசைவு வழுக்கிக்கிட்டுப் போகும். 25-லயே விட்டா பாதி அசைவு காணாம போயிடும். எடிட்டிங் சாஃப்ட்வேர்லயே செய்றதா இருந்தா, ஃபீல்டு ஆர்டர் கேட்டா 'லோயர்' கொடு. தப்பாக் கொடுத்தா தட்டு முன்னுக்கும் பின்னுக்கும் உதறும்.

பூசணிக்கா மூஞ்சிக்குக் காரணமும் சொல்லிடறேன். டேப்ல படம் 720×576, ஆனா காட்ட வேண்டிய அளவு 768×576. இப்போதைய அகல டைம்லைன்ல போட்டா 1440×1080-க்குப் பெரிசாக்கி நடுவுல வை. ரெண்டு பக்கமும் கறுப்பு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், ரொப்பணும்னு இழுக்காதே, அப்படி இழுத்தாத்தான் மூஞ்சி பூசணிக்கா ஆகும். சத்தத்துல ஒரு கண்ணு வை. பழைய கேமரா நிறைய 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ்ல பதியும், டைம்லைன் 48-ல இருக்கும். மாத்தின பிறகு கேசட்டோட கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பாரு. உதடும் பேச்சும் ஒட்டலேன்னா அங்கதான் தெரியும்.

சித்திக்கு அனுப்புறப்போ வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பு, நசுங்காது. கேமராவை இப்பவே எடைக்குப் போட்டுடாதே. நீளமா ஓடட்டும்னு அப்பா எல்பி மோடுல எடுத்த கேசட் ரெண்டு மூணு இருக்கலாம், அது பெரும்பாலும் எடுத்த கேமராவுலதான் ஒழுங்கா ஓடும்.

முதல்ல 'ஊட்டி 2'ன்னு அப்பா எழுதின கேசட்டைப் போட்டுப் பழகு, அதுல பாதி பஸ் ஜன்னல்தான். என் வளைகாப்பைக் கடைசியா வச்சுக்கோ.