மைக் யார் கையில்?

கேள்வி: ஐயா, நான் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் சேனலில் பில் ஓ'ரைலி நடத்திய பழைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். நாலைந்து பார்த்ததுமே அடுத்து என்ன செய்வார் என்று எங்களால் சொல்ல முடிந்தது. "இப்போ விரலை நீட்டுவார் பார்" என்று பின்வரிசையில் பந்தயமே கட்டினார்கள். எங்களுக்கே தெரிகிறது என்றால், அங்கே போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் போனார்கள்? இவ்வளவு சலிப்பான நிகழ்ச்சி இருபது வருஷம் எப்படி ஓடியது? இதையே புராஜெக்டாகச் செய்யலாமா?
— ஒரு மாணவி, திருச்சி

பதில்: சலிப்பு என்று நீங்கள் சொல்வதுதான் ஃபாக்ஸ் நியூஸ் விற்ற சரக்கு. 1996 அக்டோபரில் அந்த சேனல் தொடங்கியதிலிருந்து 2017 ஏப்ரல் வரை ஓ'ரைலி நிகழ்ச்சியின் வரிசை பெரிதாக மாறவில்லை. முதலில் கேமராவைப் பார்த்துத் தன் கருத்தைச் சொல்வார். சொல்லச் சொல்ல முக்கியமான வரிகள் திரையில் பக்கவாட்டில் எழுத்தாக வரும். பிறகு விருந்தினர்கள். கடைசியில் நேயர் கடிதங்கள். திட்டி வந்த கடிதத்தையும் வாசித்து அதற்கொரு குத்தல் பதில் சொல்வார். எழுதுகிறவர்களுக்குத் தினம் ஓர் அபூர்வமான ஆங்கிலச் சொல்லைக் கற்றுக்கொடுத்து, 'நீங்கள் அப்படி இருக்காதீர்கள்' என்று முடிப்பார். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன் உட்காருகிறவர் புதுச் செய்தியைத் தேடி வருவதில்லை. பகலெல்லாம் தன்னை எரிச்சல்படுத்திய ஆட்களை யாராவது தன் சார்பில் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும். அது தவறாமல் கிடைத்தது. 2017-இன் தொடக்கத்தில்கூட ஒரு நாளைக்குச் சுமார் 40 லட்சம் பேர் பார்த்தார்கள்.

நம் பட்டிமன்றத்தில் தீர்ப்பு எப்படி வரும் என்பது பாதி நேரம் முன்பே தெரிந்துவிடும் என்றாலும், நடுவர் தன் முறை வரும்வரை கொஞ்சமாவது பொறுப்பார். ஓ'ரைலி நடுவர் நாற்காலியில் இருந்தபடியே எதிரணிப் பேச்சாளராகவும் இருந்தார். மணியும் அவர் கையில்தான். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் விருந்தினர் என்ன சொல்லப் போகிறார் என்பதைத் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே போனில் பேசி வாங்கி வைத்துக்கொள்வார்கள். வேறு ஊரிலிருந்து பேசுகிறவர் நிலைமை இன்னும் மோசம். ஒரு சின்ன அறையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்க முடியாமல், லென்ஸை வெறித்துக்கொண்டு இருப்பார். எதிராளி எப்போது மூச்சு வாங்குகிறார் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு போன ஒருவர் உண்டு. ஜெரமி கிளிக். அவருடைய தந்தை 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர். மகனோ போருக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தார். 2003 பிப்ரவரி 4 அன்று, இராக் போருக்கு ஒன்றரை மாதம் போல இருக்கும்போது, ஓ'ரைலி அவரை அழைத்தார். ஓ'ரைலி எத்தனை விநாடியில் குறுக்கே விழுகிறார் என்று பழைய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த பிறகே போனதாக கிளிக் பின்னால் 'அவுட்ஃபாக்ஸ்ட்' என்ற ஆவணப்படத்தில் சொன்னார். அந்தப் பேட்டியைப் பாருங்கள். கிளிக் குரலை உயர்த்தவில்லை, துண்டு துண்டாகப் பேசுகிறார், வெட்டு விழுமுன் வாக்கியத்தை முடித்துவிடுகிறார். உங்கள் அப்பா இதை ஏற்றிருக்க மாட்டார் என்கிறார் ஓ'ரைலி. பிறகு "வாயை மூடு." கடைசியில் மைக்கை அணைக்கச் சொல்கிறார். வாதத்தில் தோற்கத் தொடங்கினாலும் ஸ்விட்ச் தன்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மைக் தன் கையில் இல்லாத இடத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே 2003 அக்டோபரில் டெரி குரோஸ் நடத்தும் வானொலி நிகழ்ச்சிக்குத் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசப் போனார். கேள்விகள் நியாயமாக இல்லை என்று கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போய்விட்டார். எனக்கு இந்த மனிதரைப் புரியவைத்தது அந்த ஒலிப்பதிவுதான்.

மற்றவர்கள் ஏன் போனார்கள் என்றால், பலருக்கு விற்க வேண்டிய புத்தகம் இருந்தது. அரசியல்வாதிகளுக்கு வேறெங்கும் கிடைக்காத வாக்காளர்கள் அங்கே இருந்தார்கள். ஒபாமாவே 2011-லும் 2014-லும் சூப்பர் பவுல் போட்டி நாளில் அவருக்குப் பேட்டி கொடுத்தார். குறுக்கீடு அங்கேயும் இருந்தது; ஆனால் வெள்ளை மாளிகையில் உட்கார்ந்துகொண்டு அதிபரின் மைக்கை யாரும் அணைக்க முடியாது. மீதிப் பேர், மற்றவர்கள் சிக்கினாலும் நான் சிக்கமாட்டேன் என்று நினைத்தவர்கள். அந்த நினைப்பு இருக்கும்வரை இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ஆள் பஞ்சமே வராது.

ஓ'ரைலியுடையது அச்சு மாறாத நடிப்பு என்பதால்தான் நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர் அதை நையாண்டி செய்தே 2005 முதல் 2014 வரை தனி நிகழ்ச்சி நடத்த முடிந்தது. ஓ'ரைலி கோபித்துக்கொள்ளவில்லை, 2007 ஜனவரியில் ஒரே நாளில் இருவரும் ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் விருந்தாளியாகப் போனார்கள். வியாபாரம் தெரிந்தவர்கள்.

அவரை வீழ்த்தியது எந்த விருந்தினருடைய வாதமும் இல்லை. பாலியல் தொந்தரவு உள்ளிட்ட புகார்களை முடித்துக்கொள்ள ஐந்து பெண்களுக்குச் சுமார் 1.3 கோடி டாலர் கொடுக்கப்பட்டதாக 2017 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவர் புகார்களை மறுத்தார். விளம்பரதாரர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். மூன்று வாரத்துக்குள் வேலை போனது. எட்டு மணி நாற்காலி டக்கர் கார்ல்சனுக்குப் போய், 2023-இல் ஜெஸ்ஸி வாட்டர்ஸிடம் வந்தது. ஒரு காலத்தில் ஓ'ரைலிக்காகத் தெருவில் ஆட்களை மடக்கி முகத்துக்கு நேரே மைக்கை நீட்டிக்கொண்டிருந்தவர் இந்த வாட்டர்ஸ்தான்.

புராஜெக்ட் செய்யலாம், தாராளமாக. 2007-இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய தொடக்க உரைகளை எடுத்து எண்ணியதில், சராசரியாக 6.8 விநாடிக்கு ஒரு முறை யாரையாவது மட்டமான பெயர் சொல்லி அழைத்தார் என்று வந்தது. நீங்கள் உரையை விட்டுவிட்டுப் பேட்டியை எடுங்கள். கேள்வி எத்தனை விநாடி, பதில் எத்தனை விநாடி, பதில் முழுதாக முடிந்ததா வெட்டப்பட்டதா என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணை போதும். அவரோடு உடன்படும் விருந்தினர்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போகிறவர் பேச்சையும் அவர் வெட்டுகிறார் என்று தெரிந்தால் உங்கள் முடிவே மாறிவிடும். வைவாவில் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.