லேபில் பார்த்த 8085-இன் அண்ணன்

மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தட்டி, ரெண்டு எண்ணைக் கூட்டி, ரெக்கார்டில் கையெழுத்து வாங்கினதோட அந்த சிப்பை மறந்துட்டீங்களா? அதுக்கு ஒரு அண்ணன் உண்டு: 1974-ல் இன்டெல் வெளியிட்ட 8080. டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆர்கேட் மெஷினை ஓட்டினது அதுதான், வெறும் 2 மெகாஹெர்ட்ஸில்.

இந்தப் பழைய மெஷின்களைத் தேடி வாங்கி, மறுபடி ஓட வைக்கிறதே சிலருக்குப் பொழுதுபோக்கு. அதில் என்ன சுகம்னு புரியணும்னா, செத்துக் கிடக்கிற ஒரு மெஷினை எப்படி எழுப்புறாங்கன்னு பார்க்கணும்.

வந்து இறங்கினதும் பிளக்கைச் சொருக மாட்டாங்க. 8080-க்கு +5, −5, +12 வோல்ட் மூணும் வேணும். இத்தனை வருஷத்தில் பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். −5 வராம +12 மட்டும் வந்தா சிப்பே போகலாம். அதனால் போர்டைக் கழற்றி வெச்சுட்டு, முதல்ல சப்ளையை மட்டும் லோடு கொடுத்து அளப்பாங்க.

பிக்சர் டியூப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். ஆனோடில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜ் தங்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருத்தர் பக்கத்தில் இல்லாம அதைத் தொடாதீங்க.

எனக்குப் பிடிச்ச கட்டம் அடுத்தது. திரை 256 × 224 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட், ஆக 7168 பைட். ரேமில் இருப்பது அப்படியே திரையில் தெரியும். ஒரு ரேம் சிப் கெட்டா, படத்தின் ஒரு பகுதியில் ஒவ்வொரு 8 புள்ளிக்கும் ஒரு கோடு விழும். கோடு எத்தனாவது இடத்தில்னு எண்ணினா எந்த டேட்டா பிட்னு தெரியும்; எந்த சிப்னும் தெரியும். ஆசிலோஸ்கோப்பே வேண்டாம், நோயாளியே எங்கே வலிக்குதுன்னு காட்டிடுது!

சிப்பை மாத்தினதும் 55 ஏலியன்கள், 11 வீதம் 5 வரிசையில் நகர ஆரம்பிக்கும். கவனிச்சுப் பாருங்க, நீங்க சுடச் சுட அதுங்க வேகம் கூடும். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு ஏலியனைத்தான் புரோகிராம் நகர்த்துது. நொடிக்கு 60 ஃப்ரேம். 55 பேரும் ஒரு அடி வைக்க கிட்டத்தட்ட ஒரு நொடி. கடைசி ஒருத்தன் மட்டும் மிஞ்சினா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு அடி, அதான் அந்தப் பாய்ச்சல். நிஷிகாடோ இதைச் சரி பண்ணாம அப்படியே விட்டார். ஆட்டத்தின் பரபரப்பே இதுதான்.

மெஷின் வாங்கக் காசில்லையா? 8080 எமுலேட்டர் ஒண்ணு எழுதிப் பாருங்க. லேபில் படிச்ச கட்டளைகளில் ரிம், சிம் ரெண்டும்தான் அதில் கிடையாது. மீதி எல்லாம் உங்க ரெக்கார்டு நோட்டிலேயே இருக்கு.