கோரஸில் தொடங்கிய குரல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஜப்பானியப் பாடகி மத்சுதா செய்கோவைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தாய். 1980-ல் 18 வயதில் பாட வந்தவர், நாற்பது வருஷம் கழித்தும் எப்படி மேடையில் நிற்கிறார் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அங்கே 'ஐடல்' என்று கொண்டாடப்படும் பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் கதை முடிந்தது என்பார்கள். செய்கோ 1985-ல் கல்யாணம் செய்துகொண்டார், மறுவருஷம் தாயானார், திரும்பி வந்து பாடினார். எண்பதுகள் முடிவதற்குள் அவருடைய 24 பாடல்கள் வரிசையாக விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன.

ஆனால் இந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. ஆடி பிறந்தால் நம் புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலிருந்து வீராம்பட்டினம் வரை கூழ் ஊற்றும் பந்தல்தோறும் ஒரு குரல் கேட்குமே, அந்த எல். ஆர். ஈஸ்வரியைச் சொல்கிறேன். நீ அவரை அம்மன் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்திருக்கிறாய். அது அவருடைய இரண்டாவது வாழ்க்கை.

1939-ல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் லூர்து மேரி. நம் வில்லியனூர் லூர்து மாதா கோயில் பக்கம் அந்தப் பெயரில் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். அம்மா சினிமாவில் கோரஸ் பாடியவர். அவரோடு போன பெண்ணும் கோரஸில்தான் நின்றாள். 1954-ல் வந்த 'மனோகரா'வில் பின்னால் ஒலிக்கும் குரல்களில் அவருடையதும் உண்டு. 1958-ல் 'நல்ல இடத்துச் சம்பந்தம்' படத்தில் இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். ஊர் முழுக்கத் தெரிந்தது 1961-ல், 'பாசமலர்' படத்தின் 'வாராய் என் தோழி' வந்த பிறகு. இன்றைக்கும் பல கல்யாண வீடுகளில் அது ஒலிக்கிறது.

அந்தக் காலத்துப் பதிவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க, பாடகியும் கூடவே நின்று முதலிலிருந்து கடைசி வரை பாட வேண்டும். ஓர் இடத்தில் மூச்சு தப்பினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்கள். 'சிவந்த மண்' (1969) பாட்டான 'பட்டத்து ராணி'யை அந்த நினைப்போடு கேள். சாட்டை சுழல்கிறது, ஆடுகிறவள் வலியில் துடிக்கிறாள், அந்தத் துடிப்பு குரலில் வருகிறது. சுருதி மட்டும் நூலளவும் விலகவில்லை. இது வெறும் உற்சாகக் குரலால் ஆகிற காரியமா?

அவருக்கு வந்தவை பெரும்பாலும் கதாநாயகியின் காதல் பாட்டுகள் அல்ல. அவை பாடகி பி. சுசீலா அம்மாவுக்குப் போகும். கிளப் நடனம், தோழி, நகைச்சுவை ஜோடி, தெருவில் கூவி விற்கிறவள், இவையே ஈஸ்வரிக்கு. 'பணமா பாசமா'வில் (1968) எலந்தப்பழம் விற்கிற பாட்டு அப்படித்தான் வந்தது. படத்தை மறந்தவர்களும் அந்தப் பாட்டை மறக்கவில்லை. துணைப் பாத்திரத்தின் பாட்டுதானே என்று அவர் எதையும் ஏனோதானோவென்று பாடிவிட்டுப் போனதாக என் காதுக்குப் படவில்லை. 'வெள்ளி விழா'வில் (1972) இசையமைப்பாளர் வி. குமார் 'காதோடுதான் நான் பாடுவேன்' பாட்டைக் கொடுத்தபோது அதே குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காதபடி தாழ்ந்தது. இப்படிப்பட்ட பாட்டுகளை நம் சினிமா அவருக்கு நிறையக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அது நமக்குத்தான் நஷ்டம்.

எழுபதுகளின் பிற்பாதியில் திரையிசையின் போக்கு மாறியது, அழைப்புகள் குறைந்தன. அவர் வீட்டில் உட்காரவில்லை. இசைத்தட்டிலும் மேடையிலும் மாரியம்மனைப் பாடினார். லூர்து மேரியாகப் பிறந்தவரின் குரலை நம் ஊர்கள் அம்மனின் வாசலிலேயே உட்கார வைத்தன. யாரும் சாதி, மதம் கேட்கவில்லை; அந்தக் குரலில் இருந்த உருக்கம் போதுமானதாக இருந்தது. வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னரே வடம் பிடித்த மண் இது. நமக்கு இது விளங்கும்.

2011-ல் 'ஒஸ்தி' படத்தில் டி. ராஜேந்தரோடு 'கலாசலா' பாடியபோது அவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். 2020-ல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் அவர் குரல் வந்தது. அப்போது வயது 80. அழைப்பு வராத வருஷங்களிலும் பாட்டை விடாதவருக்குத்தான் இது வாய்க்கும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். இசைக்குழு உன்னைக் கோரஸுக்கு மட்டும் கூப்பிட்டது என்று கோபப்பட்டு, போகப் போவதில்லை என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், கண்ணம்மா. போ. கோரஸில் நின்றால்தான் பக்கத்துக் குரலைக் கேட்டு உன் குரலைச் சரிசெய்யப் பழகுவாய். எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எங்கே அடங்கிப் பாட வேண்டும் என்பது அங்கே சீக்கிரம் பிடிபடும். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் சேர்ந்து இசை படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதையும் தள்ளிப்போடாதே. இந்த வாரம் எலந்தப்பழப் பாட்டையும் 'காதோடுதான்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேள். பிறகு உன் கோரஸ் வரியைப் பாடிப் பதிந்து எனக்கு அனுப்பு. எங்கே குரல் தூக்கலாக இருக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை